ஏழு கஞ்சில், மூன்று மழை

1984-ஆம் வருஷம் டிசம்பர் முதல் வாரம் ராமையாவுக்கு லீவு வேண்டியிருந்தது. திங்கள் முதல் சனி வரை, முழுசாக ஆறு நாள். ஊர் சுற்ற அல்ல. சுங்கை சிப்புட்டுக்கு உள்ளே இருந்த வெள்ளைப்பாறைத் தோட்டத்தை ஒரு வீடமைப்புக் கம்பெனி வாங்கிவிட்டது. ரப்பர் மரங்களையெல்லாம் சாய்த்தாகிவிட்டது, கூலிக்காரர்கள் குடியிருந்த லயங்களையும் இடித்தாகிவிட்டது. மிச்சம் இருந்தது இடுகாடு. அதில் ராமையாவின் மனைவி நவமணி பதின்மூன்று வருஷமாகப் படுத்திருந்தாள்.

கம்பெனிக்காரன் சுங்கை சிப்புட்டுக் கோயில் பலகையில் நோட்டீஸ் ஒட்டியிருந்தான். மூன்றாம் தேதியிலிருந்து எட்டாம் தேதிக்குள் இரத்த உறவோ கட்டினவரோ நேரில் வந்து, குழியை அடையாளம் காட்டி, கையெழுத்துப் போட்டு, எலும்பை எடுத்துக்கொள்ள வேண்டும். புது இடுகாட்டில் இடம் கொடுப்பார்கள், லோரியும் கொடுப்பார்கள். வரிசைப்படிதான் தோண்டுவார்கள், அதனால் யார் முறை எந்த நாளில் வரும் என்று கேட்கக் கூடாது. பத்தாம் தேதி புல்டோசர் இறங்கும். வராதவர்களின் எலும்பு மேல் யாரோ ஒரு குடும்பம் அடுப்பங்கரை கட்டிக்கொள்ளும்.

ராமையாவுக்கு நாற்பத்தாறு வயது. பிள்ளை குட்டி கிடையாது. நவமணி மூன்று வருஷம் குடித்தனம் பண்ணிவிட்டுக் காய்ச்சலில் போனவள். அவளுக்காகப் போய் நிற்க அவரை விட்டால் வேறு ஒரு ஜீவன் இல்லை. இதை அவர் வேலை செய்த இடத்தில் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. ஏன் முடியாது என்பதற்கு ஒரு கதை இருக்கிறது.

ஈப்போவுக்கு வெளியே ஒரு கையுறைத் தொழிற்சாலை. பீங்கான் கைகள் வரிசையாகச் சங்கிலியில் தொங்கிக்கொண்டு வந்து ரப்பர் பாலில் முங்கி எழும். அம்மோனியா நெடியில் கண்ணெல்லாம் எரியும். மூன்றாம் நம்பர் லைனில் நான்கு பேர்: ராமையா, பெர்னார்ட், ஜெயபாலன், வீரம்மா. பள்ளி விடுமுறை வாரத்தில் அந்த நாலு பேரில் ஒருவருக்குத்தான் லீவு. யாருக்கு என்பதை நீங்களே பேசி முடிவு பண்ணிக்கொள்ளுங்கள், என்னிடம் வந்து அழாதீர்கள் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். சொல்லாமல் நின்றால் வேலை போகும். முந்தின வருஷம் ஒன்றாம் நம்பர் லைனில் ஒருவனுக்குப் போயும் போனது.

பேசி முடிவு பண்ணுவதாம்! 1981-இல் பேசிப் பார்த்தார்கள். பெர்னார்ட் தன் மகளுக்கு மாதா கோயிலில் முதல் நன்மை வாங்கும் சடங்கு என்றார். அந்தப் பிள்ளை எத்தனை தடவைதான் முதல் நன்மை வாங்கும், போன வருஷமும் இதைத்தானே சொன்னீர்கள் என்று ஜெயபாலன் மடக்கினான். ஜெயபாலனுக்கு அம்மா சாகக் கிடந்தாள். மூன்று பேரும் மனசு இளகி அவனுக்கு விட்டுக் கொடுத்தார்கள். பயல் பாகான் டத்தோவில் ஒரு வாரம் நண்டு பிடித்துவிட்டுக் கறுத்துப்போய் வந்து நின்றான். அம்மா பிழைத்ததற்கு நண்டு நேர்ந்துகொண்டாயா என்று பெர்னார்ட் கேட்க, வாய்ப் பேச்சு கைகலப்பானது. மூன்று மாதம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வேலை செய்தார்கள். லைனில் இறங்கிய கையுறையில் பாதி ஓட்டை.

அதற்குப் பிறகு பெர்னார்ட் ஒரு சட்டம் போட்டார். அவர் கோயில் சபையில் செயலாளராக இருந்தவர், சட்டம் போடுவதென்றால் சோறு தண்ணி வேண்டாம். லீவு எதற்கு என்று யாரும் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் அந்த வருஷம் அவருக்கு லீவு இல்லை. சாவோ கல்யாணமோ, நண்டோ, எல்லாம் ஒன்றுதான். நவம்பர் கடைசிச் சனிக்கிழமை, அரை நாள் வேலை முடிந்ததும் காண்டீனில் உட்கார்ந்து 'காடு' விளையாட வேண்டியது. ஜெயித்தவருக்கு லீவு.

'காடு' என்பது சீட்டு விளையாட்டுத்தான், ஆனால் கடையில் விற்கிற சீட்டு இல்லை. மணிக்கூண்டுத் தேயிலை என்று ஒன்று அப்போது வந்துகொண்டிருந்தது. பொட்டலத்துக்குள் ஒரு படச்சீட்டு வைத்திருப்பான். காட்டு மிருகத்தின் படம், மூலையில் அதன் பலத்துக்கு ஒரு எண். யானைக்கு ஒன்பது, புலிக்கு எட்டு, காட்டெருமைக்கு ஏழு, கரடிக்கு ஐந்து. அப்படியே இறங்கி, முயல் அளவே இருக்கிற கஞ்சில் மானுக்கு ஒன்று. மிருகம் இல்லாத சீட்டுகளும் உண்டு: மழை, மூங்கில், காட்டுத்தீ. பிள்ளைகள் ஆல்பத்தில் ஒட்டுவதற்காகக் கம்பெனி போட்டதை வைத்து, பெர்னார்ட் உட்கார்ந்து யோசித்து, பெரியவர்களுக்கு ஒரு விளையாட்டை உண்டாக்கிவிட்டார். கையுறைப் பெட்டியின் அட்டையில் விதிகளை எழுதி வைத்திருந்தார்.

ஆளுக்கு முப்பது சீட்டு. அவரவர் சேர்த்து வைத்ததிலிருந்து பொறுக்கிக் கட்டிக்கொண்டு வரலாம். குலுக்கி, முதலில் ஐந்தைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆளுக்கு முன்னால் இருபது ரப்பர் கொட்டை. கொட்டை தீர்ந்தவர் எழுந்துவிட வேண்டும். முறை வரும்போது ஒரு சீட்டு எடுத்து, ஒரே ஒரு மிருகத்தை மேசையில் இறக்கலாம். ஐந்தும் அதற்கு மேலும் உள்ள பெரிய மிருகம் என்றால் கையிலிருந்து இரண்டு சீட்டை விட்டெறிய வேண்டும். இறங்கிய மிருகம் அடுத்த முறையிலிருந்து யாரை வேண்டுமானாலும் அடிக்கும். அடிபடுகிறவர் ஒரு அடிக்கு ஒன்றாகத் தன் மிருகத்தைக் குறுக்கே நிறுத்தலாம், எண் சிறியது சாகும். நிறுத்த எதுவும் இல்லையென்றால் எண்ணுக்குத் தக்கபடி கொட்டை போகும். அடித்த மிருகம் களைத்துப்போய்ச் சாய்ந்து படுத்துக்கொள்ளும். தன் ஆளின் முறை திரும்பி வரும்வரை அது காவலுக்கு ஆகாது.

மிருகமில்லாத சீட்டுகளை ஒரு முறையில் எத்தனை வேண்டுமானாலும் இறக்கலாம். மூங்கில் ஒரு மிருகத்துக்கு மூன்று பலம் ஏற்றும். மழை போட்டவரின் எல்லா மிருகத்துக்கும் ஒவ்வொன்று ஏற்றும். காட்டுத்தீயை யார் மேல் போடுகிறோமோ, அவருடைய மழையும், சீட்டில் அச்சடித்த எண் மூன்றுக்குக் கீழே உள்ள மிருகங்களும் சாம்பல்.

இரண்டு வருஷமாக லீவு ஜெயபாலனுக்குத்தான் போனது. புலி, காட்டெருமை என்று சேர்த்து வைத்து முரட்டடி அடிப்பான். வீரம்மா யானைக்காரி, ஒரு யானையை இறக்கி அதற்கு மூங்கிலாகக் கொடுத்து மலை மாதிரி ஆக்குவாள். பெர்னார்டின் சீட்டுக்கட்டில் ஆமையும் எறும்புத்தின்னியும்தான், அடிக்கவே மாட்டார், குறுக்கே நிறுத்தி நிறுத்தியே உயிரை வாங்குவார். ராமையாவுக்கு என்று ஒரு போக்கு கிடையாது. கையில் கிடைத்ததையெல்லாம் கட்டிக்கொண்டு வந்து முதலில் தோற்பது அவர்தான். நோட்டீஸைப் பார்த்த ஜூலை மாதத்திலிருந்துதான் அவருக்கு விளையாட்டில் மூளை ஓட ஆரம்பித்தது.

என்ன சேர்ப்பது என்று யோசித்தார். புலிக்கும் யானைக்கும் எல்லோரும் அடித்துக்கொண்டார்கள். கஞ்சிலை யாரும் சீந்தவில்லை. பத்துப் பொட்டலம் பிரித்தால் ஆறில் கஞ்சில்தான் இருக்கும். காண்டீன் மேசையடியில், குப்பைக் கூடையில், சைக்கிள் சக்கரக் கம்பியில் எல்லாம் கஞ்சில். ஒரே மிருகத்தை எத்தனை வைக்கலாம் என்று பெர்னார்டின் சட்டம் ஒன்றும் சொல்லவில்லை. இருபத்தைந்து கஞ்சிலை எவன் கட்டிக்கொண்டு வரப்போகிறான் என்று நினைத்திருப்பார், பாவம். ஒரு கஞ்சிலை வைத்து ஒன்றும் பண்ண முடியாது. ஏழு கஞ்சில் நின்று, மேலே மூன்று மழை இறங்கினால் ஒவ்வொன்றும் நாலு. ஏழு நாலு இருபத்தெட்டு. ராமையா கணக்கில் புலி இல்லை, ஆனால் இந்தக் கணக்கு அவருக்கே வந்துவிட்டது.

மழைச்சீட்டுக்குத்தான் நாய் படாத பாடு. தன்னிடம் இருந்த ஒரே புலியை ஜெயபாலனிடம் கொடுத்து இரண்டு மழை வாங்கினார். ஜெயபாலன் வாயெல்லாம் பல்லாகி, மனசு மாறுவதற்குள் புலியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். பெர்னார்டிடம் ஒன்று, யானையைக் கொடுத்து. ஒன்று பொட்டலத்தில் வந்தது. ஐந்தாவதை வீரம்மா சும்மாவே கொடுத்தாள். என் யானைக்கு மூங்கில் போதும், மழையை வைத்துக்கொண்டு நான் என்ன குடையா பிடிக்கப் போகிறேன் என்று சிரித்தாள்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, சும்மா விளையாடுகிற ஆட்டத்தில், தன் சீட்டுக்கட்டைச் சோதித்துப் பார்த்தார். கையில் வந்த மழை இரண்டையும் எடுத்த எடுப்பில் மேசையில் போட்டார். நாலு கஞ்சில், ஒவ்வொன்றும் மூன்று பலத்தோடு கம்பீரமாக நின்றன. அவ்வளவுதான். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மாறி மாறி அவரையே போட்டுச் சாத்தினார்கள். வழக்கத்தைவிடச் சீக்கிரமாக எழுந்துபோய்க் கோப்பி வாங்கிக் குடித்தார்.

அன்றைக்குத்தான் ஒன்று புரிந்தது. இரண்டு பேர் ஆட்டத்தில் பலம் ஏற ஏற நல்லது. நாலு பேர் ஆட்டத்தில் யாருக்கு முதலில் பலம் ஏறுகிறதோ அவன் தலையில்தான் முதல் அடி. அதனால் மழையைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும். வெறும் கஞ்சிலாக இறக்கிக்கொண்டே போக வேண்டும். பார்க்கிறவனுக்குப் பரிதாபமாக இருக்க வேண்டும். கஞ்சில் வைத்திருக்கிறவனை அடித்து எவனும் புலியைக் களைக்க வைக்க மாட்டான்.

இதை யாரும் மோப்பம் பிடிக்காமல் இருக்க, செப்டம்பர், அக்டோபர் முழுக்கப் பழைய குப்பைக் கட்டை எடுத்துப்போய் வேண்டுமென்றே தோற்றார். நல்ல சீட்டுக்கட்டை வீட்டில் வைத்துப் பழகினார். பாயை விரித்து நாலு பக்கமும் சீட்டுப் போட்டு, நாலு பேருக்கும் தானே மாறி மாறி உட்கார்ந்து ஆடுவார். ஜெயபாலன் இடத்தில் உட்கார்ந்தால் ஜெயபாலன் மாதிரியே கோபப்பட்டு அடிப்பார். எதிர்வீட்டு மலாய்க்காரர் ஒருநாள் சன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று விசாரித்துப் போனார்.

நவம்பர் கடைசிச் சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குக் காண்டீனில் நாலு பேரும் உட்கார்ந்தார்கள். ராமையா, அவருக்கு அடுத்து ஜெயபாலன், அப்புறம் வீரம்மா, அப்புறம் பெர்னார்ட். வெளியே நல்ல வெயில். வீரம்மா வழக்கமாகச் சளசளவென்று பேசிக்கொண்டே ஆடுகிறவள். அன்றைக்கு உதடு ஒட்டியிருந்தது. சீட்டு எடுக்கும்போது புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை ராமையா பார்த்தார். காலையில் அவளுக்குக் கையுறை காய்கிற அடுப்புப் பக்கம் வேலை, சூட்டில் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார்.

முதல் முறை ஒரு கஞ்சில். இரண்டாம் முறை இன்னொரு கஞ்சில். நாலாவது கஞ்சில் இறங்கியபோது ஜெயபாலனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"என்னண்ணே, பண்ணையா வைக்கிறீங்க? பால் கறக்கலாம்லா."

ராமையா அசட்டுச் சிரிப்பு சிரித்தார். கையில் அப்போதே இரண்டு மழை இருந்தது.

அந்தப் பக்கம் அடி பலமாக விழுந்துகொண்டிருந்தது. பெர்னார்டின் ஆமைகளைப் பார்த்து எரிச்சல்பட்டு, ஜெயபாலனும் வீரம்மாவும் சேர்ந்துகொண்டு அவரை முடித்தார்கள். அவர் கொட்டையெல்லாம் போய் எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு நடுவர் மாதிரி நின்றார். உடனே ஜெயபாலன் வீரம்மா பக்கம் திரும்பினான். புலியையும் காட்டெருமையையும் ஒரே முறையில் அவள் மேல் ஏவினான். அவள் பன்னிரண்டு பலமுள்ள யானையைக் குறுக்கே நிறுத்திப் புலியைக் கொன்றாள். காட்டெருமையைத் தடுக்க ஆளில்லை, ஏழு கொட்டை போனது. பதினொன்று மிச்சம்.

அவள் முறை. யானையை ஜெயபாலன் மேல் ஏவலாம், ஆனால் ஏவினால் யானை சாய்ந்துவிடும், காவலுக்கு ஒன்றுமில்லை. அவள் மேசைக்கு மேலே குனிந்து ராமையாவை நேராகப் பார்த்தாள்.

"அண்ணே, என்னைய விட்ருங்க. நான் உங்களத் தொடமாட்டேன். இவன மொதல்ல முடிப்போம்."

ஆட்டத்தில் இப்படி ஒப்பந்தம் பேசுவது சகஜம். மீறினால் தண்டனை என்று அட்டையில் எதுவும் எழுதவில்லை. ராமையா தலையாட்டினார்.

அவள் நம்பி யானையைச் சாய்த்து அடித்தாள். ஜெயபாலன் தன் கரடியைக் குறுக்கே நிறுத்தினான், கரடி செத்தது. அவனுக்கு ஒன்பது கொட்டை, காவலுக்கு ஆளில்லை, காட்டெருமை ஏற்கெனவே களைத்துக் கிடந்தது. அவளுக்குப் பதினொன்று, யானை சாய்ந்து கிடந்தது. பெர்னார்ட் இல்லை. முறை ராமையாவுக்கு வந்தது.

அவர் முன்னால் ஏழு கஞ்சில். எடுத்த சீட்டைத் திருப்பிப் பார்த்தார். மூன்றாவது மழை.

ஜெயபாலனை முடிக்க மூன்று கஞ்சில் போதும். சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதாக இருந்தால் அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் வீரம்மாவிடம் ஒரு காட்டுத்தீ உண்டு என்பது நாலு பேருக்கும் தெரியும். தைப்பிங்கில் வாங்கிய பொட்டலத்தில் வந்தது என்று மாதக்கணக்காகக் காட்டிக்கொண்டு திரிந்தாள். அது கையில் இருந்தால் அடுத்த முறை ஏழு கஞ்சிலும் மூன்று மழையும் சாம்பல். அப்புறம் நவமணிக்கு யார் போய் நிற்பது? ராமையா அதிகம் யோசிக்கவில்லை. மழை மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். மூன்று கஞ்சிலை ஜெயபாலன் பக்கம் சாய்த்தார். மூன்றை வீரம்மா பக்கம் சாய்த்தார்.

ஜெயபாலன் எண்ணிப் பார்த்தான், திரும்பவும் எண்ணிப் பார்த்தான். பிறகு தன் புலிச்சீட்டை எடுத்து, இதை வாங்கிக்கொண்டு மழையைக் கொடுத்த முட்டாள் நான்தான் என்று தன் நெற்றியிலேயே அதை அறைந்துகொண்டான். பெர்னார்ட் வாய்விட்டுச் சிரித்தார். அடுத்த வருஷம் கஞ்சில் நாலுக்கு மேல் கூடாது என்று அங்கேயே பென்சிலைத் தேடினார்.

வீரம்மா மட்டும் தன் பதினொரு கொட்டைகளையும் ராமையா பக்கம் தள்ளிவிட்டாள். அப்புறம் கையிலிருந்த சீட்டுகளை மேசையில் வைத்துக் கட்டோடு சேர்த்தாள். மேலாக இருந்தது காட்டுத்தீ. போன முறையே கையில் இருந்திருக்கிறது. யானையை ஏவுவதற்கு முன்னால் அதை ராமையா தலையில் போட்டிருக்கலாம், தொடமாட்டேன் என்று சொன்னதற்காகப் போடவில்லை. ராமையாவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"நல்லா போயிட்டு வாங்கண்ணே" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். வாசலில் அவள் புருஷன் உடையப்பன் மோட்டார் சைக்கிளோடு காத்திருந்தான். ராமையா ஜெயித்த சந்தோஷத்தில் பாதி அங்கேயே செத்துவிட்டது. மீதிப் பாதியோடு கடைத்தெருவுக்குப் போய் நவமணிக்கு ஒரு சிவப்புச் சேலை எடுத்தார்.

மூன்றாம் தேதி காலையிலேயே தோட்டத்தில் போய் நின்றார். இடுகாட்டு ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை. அதில் பழைய தோட்டத்துக் கிராணி சதாசிவம் உட்கார்ந்திருந்தார். கணக்குப்பிள்ளை வேலை போய், இப்போது கம்பெனிக்காரனுக்காகச் செத்தவர்களின் பெயரைப் படித்துக்கொண்டிருந்தார். மேல் டிவிசன், கீழ் டிவிசன், ஆற்றங்கரை டிவிசன், மூன்றுக்கும் அந்த ஒரே இடுகாடுதான். நவமணியின் வரிசை வியாழக்கிழமை வந்தது. ராமையாவே குழிக்குள் இறங்கி எடுத்தார். அழுகை வரும் என்று நினைத்திருந்தார், வரவில்லை. வேலை ஒழுங்காக நடக்க வேண்டுமே என்ற கவலைதான் இருந்தது. எடுத்ததைச் சேலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கையெழுத்துப் போடக் கொட்டகைக்குப் போனார்.

கிராணி அடுத்த வரிசையைப் படித்துக்கொண்டிருந்தார். சின்னக் குழிகள். ஒவ்வொரு பெயருக்கும் நிமிர்ந்து பார்ப்பார், யாராவது கையைத் தூக்குவார்கள்.

"பொன்னி. ரெண்டு வயசு. அறுபத்தெட்டு. தகப்பன் உடையப்பன், தாய் வீரம்மா, ஆத்தங்கரை டிவிசன்."

யாரும் கையைத் தூக்கவில்லை. கிராணி பெயருக்கு நேரே ஒரு கோடு இழுக்கப் போனார்.

ராமையாவுக்கு முதலில் விளங்கவில்லை. வீரம்மாவுக்குப் பாகான் டத்தோ அல்லவா? பிறந்தது அங்கேதான், அதைத்தான் வாய் ஓயாமல் சொல்வாள். கட்டிக்கொண்டு எங்கே போனாள், எத்தனை பெற்றாள் என்று அவரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. அவர் மேல் டிவிசனுக்கு வேலைக்கு வந்ததே அறுபத்தொன்பதில். எந்த வீரம்மா இது என்று கிராணியிடம் கேட்டார்.

"ஈப்போவுல கிளோவ் பெக்டரியில வேல செய்யுறாங்களாம். ஞாயித்துக்கிழமை வந்து குழிய காமிச்சிட்டு அழுதாங்க. லீவு கெடைக்கல, புருஷன் லோரிய எடுத்துக்கிட்டு ஜொகூர் போறாராம். ஏம்மா கெடைக்கலேன்னு கேட்டேன். சீட்டுல தோத்துட்டேன்னாங்க. எனக்கு ஒண்ணும் புரியல."

ராமையாவுக்குப் புரிந்தது. அம்மோனியாவில் முகத்தை வைத்தது போல் கண் எரிந்தது. பதின்மூன்று வருஷமாக அழாததையெல்லாம் சேர்த்து வைத்து, கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அங்கே அழுதார். வெட்கம்தான். வேறு பெயர் அதற்குக் கிடையாது. லைனில் ஆறு வருஷம் அவளோடு தோளுக்குத் தோள் நின்றவர், நாலு மாதம் ராத்திரி பகலாக யோசித்து, அவள் எப்போது யானையைச் சாய்ப்பாள் என்று மட்டும் கண்டுபிடித்திருந்தார்.

கிராணி பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"நீங்க என்ன வேணும் அவங்களுக்கு? ரத்த சொந்தம்தான் கையெழுத்துப் போடணும், தெரியும்ல."

"தாய்மாமன்" என்றார் ராமையா.

கிராணி அவரையும் பார்த்தார், ஏட்டையும் பார்த்தார். நாற்பது வருஷம் அந்தத் தோட்டத்தில் யார் யாருக்கு என்ன உறவு என்று எழுதியவர் அவர். இழுக்கப் போன கோட்டை விட்டுவிட்டு, பெயருக்கு நேரே 'ராமையா, தாய்மாமன்' என்று எழுதி ஏட்டைத் திருப்பி வைத்தார்.

சின்னக் குழியில் பெரிதாக ஒன்றும் இல்லை. விரல் நீளத்துக்கு இரண்டு மூன்று எலும்பு, ஒரு கருகமணி வளையல். மண்ணையும் இரண்டு கை அள்ளிக்கொண்டார். சுற்றுவதற்குத் துணி வேண்டும். இருந்தது ஒரு சேலை. அதை நடுவில் பல்லால் கடித்துக் கிழித்தார்.

பத்தாம் தேதி திங்கள் காலை, லைன் ஓடுவதற்கு முன்னால், புது இடுகாட்டுச் சீட்டை வீரம்மா கையில் கொடுத்தார். 'மனைவி நவமணி' என்றும் 'பொன்னி' என்றும் எழுதி, இரண்டு எண்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அவள் படித்தாள். கையெழுத்துக்குக் கீழே எழுதியிருந்ததையும் படித்தாள். பெட்டி அடுக்கின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பெர்னார்ட் என்ன என்று கேட்டுக்கொண்டு வந்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஜெயபாலனையும் இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனார்.

"தலையாட்டிட்டு அடிச்சிட்டேன் வீரம்மா. தெரிஞ்சிருந்தா அடிச்சிருக்க மாட்டேன்."

வீரம்மா மூக்கைச் சிந்தித் துடைத்தாள்.

"நீங்க அன்னிக்கு அடிக்கலேன்னா அடுத்த சுத்துல நான் எல்லாத்தையும் எரிச்சிருப்பேண்ணே. அக்கா அங்கேயே கெடந்திருப்பாங்க. எனக்கும்தான் தெரியாது."

மணி அடித்தது. பீங்கான் கைகள் நகரத் தொடங்கின. இருவரும் எழுந்து தங்கள் இடத்துக்குப் போனார்கள். கொஞ்ச நேரம் கழித்து, லைனிலிருந்து கண்ணை எடுக்காமலே அவள் கேட்டாள்.

"துணி சுத்துனீங்களா?"

"சேப்புச் சேல. நவமணிக்கு எடுத்தது. பாதி அவளுக்கு, பாதி பிள்ளைக்கு."

"முந்தானை யாருக்குப் போச்சு?"

"பிள்ளைக்கு" என்றார் ராமையா.